நீளம் பத்தாது

"ப்ளக்குல பிடிப்பே இல்ல டீச்சரே. போன மாசம் தந்தது உடும்பு மாதிரி பிடிச்சுதாக்கும்."

கௌசல்யா டீச்சர் ப்ளக்கைச் சுவரில் செருகி, "இழுங்க முதலாளி" என்றார். திரவியம் இழுத்தார். வரவில்லை.

திரவியத்துக்குச் 'சாலை' என்ற பெரிய கடைத்தெருவில் பருப்பு மண்டி. மனைவி போய்ச் சேர்ந்து வருடங்களாயிற்று. டீச்சரும் தனிதான். பாலிடெக்னிக்கிலிருந்து ஓய்வு பெற்றபின், கரமனை வீட்டின் முன்னறையில் ஸ்டீரியோ செட்டுகளுக்கான பவர் கேபிளைக் கையாலேயே முறுக்கிப் பின்னி விற்றுக்கொண்டிருந்தார். பாட்டு இன்னும் துல்லியமாகக் கேட்கும் என்று ஐ.டி. பையன்கள் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வாங்கிப் போவார்கள். மாதம் தவறாமல் வந்து, குற்றம் சொல்லி, பேரம் பேசி வாங்குகிறவர் திரவியம் ஒருவர்தான்.

அதற்கும் இன்றோடு முடிவு. டீச்சர் பெங்களூரில் மகளோடு போய் இருக்கப் போகிறாராம். அவருடைய சொந்த செட்கூட அட்டைப்பெட்டிக்குள் ஏறி, மூலையில் தயாராக நின்றது. திரவியத்தின் கையில் இருப்பது கடைசிக் கேபிள். விலை படிந்துவிட்டால் இந்த வீட்டு வாசல்படி ஏற அவருக்கு வேறு காரணமில்லை. படிய விடாமல் பேசுவதென்றால் சாலை வியாபாரிக்குச் சொல்லியா தர வேண்டும்?

கேபிளைத் துவரம்பருப்பு மாதிரி உள்ளங்கையில் எடை பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"வளைய மாட்டேங்குதே."

"உங்கள மாதிரிதான். உள்ள நல்ல செம்பு."

"போன கேபிள்ல பாட்டு கேட்டா மிருதங்கம் முன்னால வந்து நிக்குது. வீணை எங்கயோ பின்னால கிடக்கு."

"மிருதங்கக்காரரைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லுங்க."

"செரி, விலையைச் சொல்லுங்க."

"எட்டாயிரம்."

"நாலு."

"செரி, எடுத்துக்கிடுங்க."

திரவியத்துக்கு வியர்த்துவிட்டது. பாதி விலைக்குக் கேட்டால் உடனே தலையாட்டுவதா? பேரத்துக்கென்று ஒரு மரியாதை இல்லையா?

"ரெண்டுதான் தருவேன்."

"சும்மாவே கொண்டு போங்க."

டீச்சர் கேபிளை வளைத்துச் சுருட்டிப் பழைய பேப்பரில் பொதிய ஆரம்பித்தார். திரவியம் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"நீளம் பத்தாது."

டீச்சரின் கை நின்றது. "எவ்வளவு வேணும்?"

"அது... வீட்டுல போய் அளந்து பாத்துட்டு, அடுத்த வாரம் வந்து சொல்லுதேன்."

"எதை அளப்பீங்க?" டீச்சர் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்க மண்டிக் கணக்கப்பிள்ளை கோலப்பன் எப்பவோ சொல்லியாச்சு. வாங்கின கேபிள் எல்லாம் பீரோவுக்குள்ள சுருண்டு கிடக்கு. வீட்டுல செட்டே கிடையாது. நீங்க பாட்டு கேக்கது பேட்டரி ரேடியோவில."

திரவியம் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அதுவும் உதவிக்கு வரவில்லை.

"பெங்களூர் டிக்கெட்டை நேத்தே ரத்து பண்ணியாச்சு. மோள்ட்டயும் பேசியாச்சு" என்றார் டீச்சர், மூலையிலிருந்த பெட்டியைக் காட்டி. "செட்டை நான் கொண்டு வாறேன். உங்க வீட்டுல ப்ளக் பாயின்டாவது இருக்கா?"