வெண்டிப் பூ தெரியாத கடைக்காரர்

"செவ்வரத்தை!"

வாட்ஸ்அப்பில் படக் கேள்வி வந்து ஒரு நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் விஜயரத்தினம் பதில் போட்டுவிட்டார்.

குமுதினி தலையில் கை வைத்தாள். படத்தில் இருந்தது வெண்டிப் பூ. லண்டன் டூட்டிங்கில் மரக்கறிக் கடை வைத்திருக்கிற மனிசன், நாள் முழுக்க வெண்டிக்காய் நிறுத்துக் கொடுக்கிறவர், அதன் பூவைப் பார்த்துச் செவ்வரத்தை, அதுதான் செம்பருத்தி, என்கிறார். இவரை என்னதான் செய்வது?

'லண்டன் வீட்டுத்தோட்டம்' என்ற அந்த வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் பின்வளவிலும் ஜன்னல் ஓரத்திலும் பயிர் வளர்க்கிற ஆட்கள். நடத்துகிறவள் குமுதினி. தினமும் பின்னேரம் நிரூபன் என்கிற பொடியன் ஒரு இலையையோ பூவையோ கிட்டப் பிடித்த படமாகப் போடுவான். என்ன பயிர் என்று கண்டுபிடிக்க வேண்டும். கூகிளைக் கேட்கக்கூடாது. பரிசு கிடையாது, சரியாகச் சொன்னால் கைதட்டுகிற படங்கள் வந்து குவியும், அவ்வளவுதான். அந்தக் கைதட்டுக்காகவே வேலை முடிந்து பஸ்ஸில் வருகிறவர்கள்கூட போனைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

"அண்ணை, உங்கடை கடையிலை செவ்வரத்தங்காய் கிலோ என்ன விலை?" என்று ஒருத்தர் பகிடி விட்டார். சிரிப்பு முகங்கள் வரிசையாக விழுந்தன. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் மேரிசாந்தி எழுதினாள்: "வெண்டி."

கைதட்டோ கைதட்டு! குமுதினிக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். மேரிசாந்தி மன்னாரிலிருந்து வந்து சட்டனில் இருக்கிறவள். புது ஊர், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. குழுவில் சேர்ந்து கனகாலம் ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் இருந்தவள், இப்போதுதான் நாலு பேரோடு கதைக்கத் தொடங்கியிருக்கிறாள். ஒரு குழு நடத்துவதில் இதைவிட வேறென்ன வேண்டும்?

விஜயரத்தினம் ஒருத்தர்தான் உறுத்தல். பாவற்கொடி இலையை முந்திரிகை, அதாவது திராட்சை, என்பார். கொத்தமல்லியைக் கரட் என்பார். எப்போதும் முதல் பதில் அவருடையது, எப்போதும் பிழை. புதிதாகச் சேர்ந்த ஒருவர், "இது தோட்டக் குழுவோ, பகிடிக் குழுவோ?" என்று கேட்டுவிட்டு வெளியேறியும் போனார். அன்றைக்கே குமுதினி விஜயரத்தினத்துக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. தெரிஞ்சால் மட்டும் பதில் போடுறியளே?"

"ஏன் தங்கச்சி, நான் கரைச்சல் குடுக்கிறனோ?"

"கரைச்சல் எண்டில்லை... ஆக்கள் உங்களைப் பாத்துச் சிரிக்கினம். மரக்கறிக் கடைக்காரருக்கு அது வடிவில்லைத்தானே."

அந்தப் பக்கம் யாருக்கோ மிச்சக் காசு எண்ணிக் கொடுக்கிற சத்தம் கேட்டது.

"சரி தங்கச்சி. இனி நான் பேசாமல் இருக்கிறன்."

கோபிக்கவும் இல்லை, வாதாடவும் இல்லை. குமுதினிக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. நல்லதைத்தானே செய்தோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அடுத்த நாள் புடலம் பூ வந்தது. ஒருவரும் பதில் போடவில்லை. அதற்கடுத்த நாள் வல்லாரை. அதுவும் சிவனே என்று கிடந்தது. கடைசியில் குமுதினியே பதில் சொல்லி, குமுதினியே கைதட்டவேண்டியதாகப் போயிற்று. வெட்கக்கேடு! மேரிசாந்தியின் பெயரையே காணவில்லை. இப்படியே போனால் குழுவை இழுத்து மூடவேண்டியதுதான்.

பொறுக்க முடியாமல் அவளுக்குப் போன் போட்டாள்.

"மேரிசாந்தி, வல்லாரை எண்டு தெரியேல்லையே உமக்கு?"

"தெரியும் அக்கா. வீட்டிலை சாடியிலை வைச்சிருக்கிறன்."

"பிறகேன் போடேல்லை?"

"பயமாக்கிடந்தது அக்கா. பிழைச்சால் எல்லாரும் சிரிப்பினமே. முந்தியெண்டால் விஜயரத்தினம் அண்ணை வந்து ஒரு பெரிய பிழை விடுவார். அவரைப் பாத்து எல்லாரும் சிரிச்சு முடிச்சிடுவினம். பிறகு நான் என்ன சொன்னாலும் பரவாயில்லை எண்டு ஒரு துணிவு வரும்." பிறகு அவளே கேட்டாள். "அண்ணைக்கு ஏதும் சுகமில்லையோ அக்கா? ஆளைக் காணேல்லை."

குமுதினிக்கு அப்போதுதான் விளங்கியது. பாவி மனிசன், தன்னை அறியாமலே எத்தனை பேரைப் பேச வைத்திருக்கிறார்! அந்த வாயை அடைத்தது தானல்லவா?

உடனே நிரூபனைப் பிடித்தாள். ஹவுன்ஸ்லோவில் இருக்கிறான், ஏர்போட்டில் வேலை. ஷிப்டுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, விஜயரத்தினம் அண்ணையிட்டை மன்னிப்புக் கேட்டுத் திரும்பவும் விளையாடக் கூப்பிடப்போறன். நீர் ஒரு உதவி செய்யவேணும்."

"சொல்லுங்கோ அக்கா."

"நாளைக்கு லேசான கேள்வி ஒண்டாப் போடும். தக்காளி, மிளகாய், ஏதாவது. அந்த மனிசனுக்கும் ஒருக்காவது சரியா வரட்டும். பாவம், எத்தினை நாளைக்குத்தான் ஆக்கள் சிரிக்கிறது?"

நிரூபன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்ன சிரிப்பு இப்ப?"

"அக்கா, ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர். இனி எனக்கு ஏலாது, சொல்லுறன். ஏர்போட்டிலை பெட்டி தூக்கிற எனக்குப் புடலம் பூவும் வல்லாரையும் எங்காலை கிடைக்கும்? தொடக்கத்திலை இருந்து படம், கேள்வி, பதில் எல்லாம் விஜயரத்தினம் அண்ணைதான் தன்ரை தோட்டத்திலை இருந்து எனக்கு அனுப்புறவர். நீங்கள் அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னியளே, அண்டைக்கும் அனுப்பினவர்."