ஒரு துளை கீழே

மணல் மூட்டையை ஓட்டுநர் இருக்கையிலிருந்து தூக்கி இறக்கினான் ஆறுச்சாமி. காரின் பின்பக்கம் ஒரு விரற்கடை மேலே எழுந்தது.

அப்படியே நின்றுவிட்டான்.

காலை ஓட்டத்தில் சுகிர்தா ஓட்டிய கார் மூன்றாவது வளைவில் சுழன்று டயர் சுவரில் முட்டியது. இந்த சீசனில் இது மூன்றாவது தடவை. பொண்ணுக்குக் கால் நிதானம் பத்தாது என்று முதலாளி நஞ்சப்பன் முடிவே கட்டிவிட்டார். நாலு மணிக்கு இறுதி ஓட்டம். அவளை இறக்கிவிட்டு இன்னொரு ஓட்டுநர் தினகரை ஏற்றப் போகிறார்.

இன்றைக்கு இறக்கிவிட்டால் அவ்வளவுதான். அடுத்த வருஷம் எந்த டீமும் அவளைச் சீந்தாது.

மெக்கானிக் அவன்தான். ஓட்டுநரின் எடைக்கு ஈடாக மூட்டையை ஏற்றி வைத்து எல்லாவற்றையும் மறுபடி அளந்திருந்தான். பின் அச்சை வண்டிச் சட்டத்தோடு பிணைக்கும் இரண்டு கம்பிகளும் தரைக்கு இணையாக, அம்சமாக இருந்தன. ஒரு குறையும் இல்லை. அதுதான் எரிச்சல்.

மூட்டை இறங்கியதும், ஓட்டுநர் பக்கமான வலது கம்பியின் முன்முனை மேலே தூக்கிக்கொண்டது.

மண் தடத்தில் அது போதும். இடது வளைவில் கார் வலப்பக்கம் சாயும். சாயும்போது தூக்கிய கம்பி படுக்கும், வலது சக்கரத்தைப் பின்னால் தள்ளும். அச்சு கோணலாகும். வண்டியின் பின்பக்கம் தானாக வெளியே ஓடும்.

கால் என்ன செய்யும், பாவம்.

மூட்டை எழுபத்தெட்டு கிலோ. போன வருஷம் ஓட்டியவனின் எடை. ஆள் போய்விட்டான், மூட்டை போகவில்லை. சுகிர்தா அவ்வளவு கனம் இருக்கவே மாட்டாள்.

கேட்டிருக்கலாம். பொம்பளைப் பிள்ளையிடம் எடையைப் போய் எப்படிக் கேட்பது என்று கூச்சம். மனுஷனுக்கு வந்த கூச்சத்தைப் பார்.

இந்தக் கோணலோடு மூன்று மாசம் ஓட்டியிருக்கிறாள். சுழன்றது மூன்றே தடவை.

கூடாரத்துக்குப் பின்னால் பழைய டயர் ஒன்றின் மேல் சுகிர்தா உட்கார்ந்திருந்தாள்.

"அம்மணி, உங்க எடை எவ்வளவுங்க?"

நிமிர்ந்து பார்த்தாள். "அம்பத்தொண்ணு."

அவன் கையெல்லாம் மணல். அதைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இதக் கேக்க மூணு மாசமாங்ணா? நான் என் காலைத்தான் திட்டிட்டிருந்தேன்."

குரல் உயரவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

போய் வண்டிக்கு அடியில் படுத்தான். வலது கம்பியின் முன்முனை போல்ட்டைக் கழற்றி, ஒரு துளை கீழே போட்டு முறுக்கினான். அவளையே உட்காரவைத்து அளந்தான். கம்பி படுத்திருந்தது.

நஞ்சப்பனிடம் போனான். தினகர் பக்கத்தில் ரேஸ் உடுப்பை மாட்டிக்கொண்டிருந்தான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே ஆறுச்சாமி சொன்னான்.

"அம்மணி கால் மேல தப்பில்லீங்க. தப்பு என்னுது."

மூட்டைக் கதையை முழுக்கக் கேட்டார் நஞ்சப்பன். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி ஆறுச்சாமி. இப்பத்தான் கண்டுபிடிச்சிட்டியே. தினகரு எடைக்குச் சரி பண்ணிக் குடு."

இருபது வருஷமாக அவரிடம் சொன்ன ஒரே வார்த்தை வாய்வரை வந்தது. சரிங்க. அதை முழுங்கினான்.

"மாட்டேனுங்க. அம்மணிக்கு வெச்சிருக்கேன். அவங்கதான் ஓட்டோணும்."

நஞ்சப்பன் அவனையே பார்த்தார். ஒலிபெருக்கியில் வண்டி எண்களை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். சுகிர்தா காரிலிருந்து இறங்கவே இல்லை. இரண்டு கையாலும் பெல்ட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

தினகர்தான் முதலில் அசைந்தான்.

கழுத்துவரை ஏற்றியிருந்த ஜிப்பைக் கீழே இறக்கினான்.