காற்றில்லாத பொட்டலம்

“எலையில கட்டட்டுமா, கவர்ல போடட்டுமா?” என்று கேட்டார் கறிக்கடை பொன்னுரங்கம்.

சபேஷ் திருதிருவென்று முழித்தான். பரம்பரைச் சைவன். பிறந்ததிலிருந்து கறிக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். அரைக் கிலோ என்று சொல்வதற்கே மூன்று பேரை முன்னால் விட்டிருந்தான்.

சிதம்பரத்தில் வாங்க முடியாது. கீழ வீதி அம்பலவாணன் மகன் கறிக்கடையில் நின்ற செய்தி அவனுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடும். அதனால்தான் சிப்காட்டில் வேலை முடிந்ததும் எதிர்த் திசையில் பஸ் ஏறிக் கடலூருக்கு வந்திருந்தான்.

தாமரை இலை என்றால் ரத்தம் கசியும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வேட்டியில் பட்டால் தொலைந்தது. கறுப்பு கவர் இன்னும் மோசம். அதைக் கையில் பிடித்தாலே உள்ளே என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரியும்.

பொன்னுரங்கம் பரிதாபப்பட்டுப் புது மிஷின் ஒன்றைக் காட்டினார். கண்ணாடிக் கவரில் போட்டுக் காற்றை உறிஞ்சிவிட்டு ஒட்டிவிடுமாம். சொட்டாது, நாறாது.

சபேஷுக்கு உயிர் வந்தது. அதையே கேட்டு வாங்கினான்.

எல்லாம் காயத்ரிக்காக. அவனைக் காதலித்துக் கட்டிக்கொண்டதால் பிறந்த வீட்டில் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். இங்கே சேர்த்துக்கொண்டார்கள், நாக்கை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரச்சொல்லி.

இப்போது ஐந்து மாதம். எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. இப்படியே இளைத்தால் குழந்தை தங்காது, எதைத் தின்று வளர்ந்தாளோ அதைக் கொடுங்கள் என்று டாக்டரம்மா திட்டி அனுப்பினார். ஓட்டல் மசாலா வாடையே அவளுக்கு ஆகவில்லை. உப்பும் மிளகும் போட்டுத் தன் கையால் வைத்த கறிச்சாறு ஒரு வாய் போதும் என்றாள்.

அப்பாவும் அம்மாவும் சாயங்கால பூஜைக்குக் கோயிலுக்குப் போகிற நேரம். மாடியில் பம்ப் ஸ்டவ் இருக்கிறது. ஊதுபத்தியும் இருக்கிறது.

புதுச்சத்திரம் தாண்டியதும் பையைத் திறந்து பார்த்தான்.

கடையில் ரத்தச் சிவப்பாக இருந்த கறி நாவல்பழ நிறத்துக்குக் கறுத்துப் போயிருந்தது.

கெட்டுவிட்டது. இன்றைக்கு முன் கறியையே பார்த்திராதவனுக்கு வேறென்ன தோன்றும்? ஜன்னல் வழியாக எறிந்துவிடலாம். எறிந்தால் இன்றைக்கும் அவள் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுப்பாள். கொடுத்தால், அது வயிற்றுக்குள் போய் என்ன செய்யுமோ.

பையை மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

வீட்டில் கரண்ட் இல்லை. அம்மா கோயிலுக்குப் போகவில்லை. முட்டி வலி என்று கூடத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் வெளியிலிருந்து எந்தப் பை வந்தாலும் முதலில் அம்மா ஜகதாம்பாளின் கைக்குத்தான் போக வேண்டும். அவள் தண்ணீர் தெளிக்காமல் ஒரு கத்திரிக்காய்கூட உள்ளே போனதில்லை.

அம்மா கையை நீட்டினாள். சபேஷ் ஒரு பொய்யைத் தேடினான். பையைக் கொடுத்தான்.

பொட்டலம் வெளியே வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். இன்றோடு காயத்ரி நடுத்தெருவில் நிற்கப் போகிறாள்.

மெல்லக் கண்ணைத் திறந்தான்.

அம்மா பொட்டலத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டைவிரலால் அங்கே ஓர் அழுத்து, இங்கே ஓர் அழுத்து. கடலூரில் கடை வாசலில் நின்றவர்கள் எல்லாரும் அப்படித்தான் அழுத்திப் பார்த்தார்கள்.

“கெட்டுல்லாம் போவல. எளங்குட்டிதான். காத்துப் படாம கறுத்திருக்கு. எலையில கட்டியிருந்தா கறுத்திருக்காது.”

அம்மாவின் பிறந்த வீட்டைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. சபேஷும் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

பொட்டலத்தை அவன் கையில் வைத்தாள். அப்பா வருவதற்குள் முடிக்கச் சொல்லி மாடிப்படியைக் காட்டினாள். விசிறியை எடுத்துக்கொண்டு பழையபடி உட்கார்ந்தாள்.

பாதிப் படி ஏறியவனைக் கூப்பிட்டாள்.

“எனக்கு வேணாம்,” என்றாள்.

அவன் கேட்கவே இல்லை.