கருங்குதிரை வீரன் சாகமாட்டான்

காலை ஆறு மணிக்கு நடராஜன் எழுந்தான். பல் விளக்கினான், குளித்தான், மனைவி கோகிலாவின் படத்துக்குப் பூ மாற்றினான். பிறகு வலது கைக் கட்டைப் பிரித்து, விரல் முட்டிகளில் தைலம் தடவி, புதுத் துணி சுற்றினான். சட்டைக் கழுத்தில் இருந்த ரத்தக் கறை துவைத்தும் போகவில்லை. அதையே போட்டுக்கொண்டான்.

பார்த்தால் குத்துச்சண்டைக்காரன் என்று தோன்றும். அவன் நில அலுவலகத்தில் பேனா பிடிக்கும் கிராணி.

மூன்று மாதத்தில் நாலு சண்டை. சைக்கிள் கடைக்காரன் ஒருவனுக்கு இரண்டு பல் போனது. உஜோங் பாசிர் மீன்காரனுக்கு மூக்கு உடைந்தது. அவர்கள் செய்த குற்றம் ஒன்றுதான். கருங்குதிரை வீரன் செத்துவிட்டான் என்றார்கள்.

அந்தப் படத்தின் இரண்டாம் பாக முடிவில் வீரனை முதுகில் குத்தி அருவியில் தள்ளிவிட்டார்கள். குதிரை மட்டும் தனியாகத் திரும்பி வந்தது. படம் முடிந்தது. அன்றிலிருந்து மலாக்காவின் காஜா பேராங்கில் இதே பேச்சுதான். நடிகருக்கும் கம்பெனிக்கும் தகராறு, மூன்றாம் பாகத்தில் ஆள் இல்லை என்றது ஒரு கட்சி. அருவிக்குப் பின்னால் குகை இருக்கிறது, அங்கிருந்து வருவான் என்றது இன்னொரு கட்சி.

இரண்டு பாகங்களையும் அவனும் கோகிலாவும் ஏழு தடவை பார்த்திருந்தார்கள். கொட்டகையில் பெண்கள் பக்கம் தனி. பக்கத்து வீட்டுப் பூங்காவனத்தோடு அவள் உட்காருவாள். வீட்டுக்கு நடக்கும்போது, "அந்த அருவிச் சண்டையை இன்னொரு தடவை சொல்லுங்களேன்" என்பாள். அவன் குடையை வாளாக்கி நடுரோட்டில் பாய்ந்து காட்டுவான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வருவாள்.

ஜூன் மாதம் காய்ச்சலில் போய்விட்டாள். அந்த நேரம் பார்த்து அவன் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போயிருந்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே பூங்காவனம்தான் இருந்தாள்.

"கடைசியா என்ன சொன்னா, அக்கா?" என்று கேட்டுக் கேட்டு அழுதான்.

பூங்காவனம் கோகிலாவின் போர்வையை மடித்து வைத்தாள். பிறகு, "கருங்குதிரை வீரன் சாகமாட்டான், மூணாவது படத்துல வருவான்னு சொன்னா தம்பி" என்றாள்.

அவனுக்கு அது போதுமாக இருந்தது. அவள் வாக்கு பொய்யாகக் கூடாது. பொய் என்று சொன்னவனை அவன் கை தேடிப் போனது.

அன்று காலை கய்யூம் நானாவின் கோப்பிக் கடையில் நல்ல கூட்டம். மெர்டேக்கா சுதந்திர விழாவுக்குக் கட்டிய வளைவை வாசலில் இன்னும் பிரிக்கவில்லை. பூங்காவனத்தின் புருஷன் பொன்னுதுரை அதிகாலையில்தான் சிங்கப்பூரிலிருந்து லோரி ஓட்டி வந்திருந்தான். மூன்றாம் பாகம் அங்கே வந்துவிட்டது. மலாக்காவுக்கு அடுத்த வெள்ளிதான்.

"பசியாறிட்டியா கிராணி?" என்றான் பொன்னுதுரை. பிறகு கடை முழுக்கக் கேட்கும்படி, "நான் பார்த்துட்டேன் நானா!" என்றான்.

"கதையைச் சொல்லாதே லா. எங்களுக்கும் கண்ணு இருக்கு" என்றார் நானா.

"என்னத்தைப் பார்க்கப்போறீங்க? மொத ரீல்லயே கருமாதி. இனிமே அவன் தம்பிக்காரன்தான் வீரனாம், புதுப் பயல் ஒருத்தன். மீசையே முளைக்கல. குதிரைகூட வேற குதிரை நானா, கால் வெள்ளையா இருக்கு!"

கடை சிரித்தது. நடராஜன் கோப்பிக் குவளையைக் கீழே வைத்தான்.

"அண்ணே, வாயை மூடுங்க."

"என் மேல ஏன் பாயறே? நான் கொன்னேனா? செத்தவன் செத்தவன்தான் கிராணி. திரும்பி வரமாட்டான்."

மேசையில் இருந்த சோடா பாட்டில் பொன்னுதுரையின் மண்டையில் உடைந்தது. அவன் நாற்காலியோடு சாய்ந்தான். நடராஜன் அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்தினான். கைக்கட்டு அவிழ்ந்து தொங்கியது. ரத்தம் யாருடையது என்று தெரியவில்லை.

"வருவான்னு சொல்லு! சொல்லுடா!"

"செத்துடப் போறான், விடுடா!" என்று நானா பின்னாலிருந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். நாலு பேர் சேர்ந்துதான் இழுக்க முடிந்தது.

எதிர்ச் சந்திலிருந்து பூங்காவனம் ஓடி வந்தாள். கத்தவில்லை. புருஷன் தலையை மடியில் எடுத்து, முந்தானையைச் சுருட்டிக் காயத்தில் அழுத்தினாள். துணி உடனே சிவந்தது. பொன்னுதுரை முனகினான். உயிர் இருந்தது.

"அவரு கோகிலாவைப் பொய்யாக்கிட்டாருக்கா" என்றான் நடராஜன். அவன் குரல் குழந்தையுடையதைப் போல இருந்தது.

"கோகிலா அப்படிச் சொல்லவே இல்ல தம்பி. நீ அழுததைத் தாங்க முடியாம நானே சொன்னது அது."

நடராஜனைப் பிடித்திருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள்.

"அப்ப என்னதான் சொன்னா?"

பூங்காவனம் ரத்தம் தோய்ந்த தன் விரல்களைப் பார்த்தாள்.

"மூணாவது படம் வருதாம், எழுந்து வாடி, எல்லாரும் போகலாம்னேன். சிரிச்சா. என்னைக் கிட்ட வரச் சொல்லி, காதோட சொன்னா: 'எனக்குச் சண்டைன்னாலே பயம்க்கா, கொட்டகையில கண்ணை மூடிட்டுத்தான் இருப்பேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க.'"