சுவக்கின் விட்டுக்கொடுக்காத இடம்

"இந்த எடத்த யாருக்கும் விட மாட்டேன். போயி வேற எங்கயாவது கட்டிக்க."

சுவக்கின் இப்படி முகத்தில் அடித்தாற்போல் சொன்னதும் பேச்சியம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

திகனைக்குக் கீழே, நீர்த்தேக்கக் கரையில் காற்றுக்குத் தப்பிய இடம் அந்தச் சின்ன வளைவு மட்டும்தான். மீனவர் சங்கத்துத் தோணிகள் எல்லாம் அங்கேதான் நெருக்கியடித்து நிற்கும். சுவக்கின், முதுகுவலி என்று தொழிலை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. அவருடைய ஓட்டைத் தோணி பாதி முங்கிக் கிடந்தது. ஆனாலும் பஸ் சீட்டில் கைக்குட்டை போட்டு வைத்த மாதிரி இடத்தைப் பிடித்து வைத்திருந்தார், மகராசன்.

புருஷன் போன பிறகு, மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கண்டிக்கும் திகனைக்குமாக அலைந்து பேச்சியம்மா அரசாங்கத் தோணி ஒன்றுக்கு அனுமதி வாங்கியிருந்தாள். அதைக் கட்ட இடம் இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும். சங்கத்தில் கேட்டபோது, பொம்பளைக்குத் தோணி எதற்கு என்று சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள்.

"மீன் புடிக்காத தோணிக்கு எடம் இருக்கு. புடிக்கப் போற தோணிக்கு இல்லையா?"

சுவக்கின் கதிரையை விட்டு அசையவே இல்லை. இத்தனை ஆம்பிளைகளுக்கு என்னிடம் கேட்கத் தைரியமில்லை, இவள் கேட்க வந்துவிட்டாளாக்கும் என்று எகத்தாளமாகச் சொன்னார்.

கூட்டத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முன்பு சிரித்தவர்களே, அந்தத் திமிர் பிடித்தவனிடமிருந்து பிடுங்கி இவளுக்குக் கொடுங்கள் என்று கத்தினார்கள். தலைவர் றிஸ்வி வாக்கெடுப்பு வைத்தார். சுவக்கினைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள். இனி அது பேச்சியம்மாவின் இடம், யாரும் கை வைக்கக் கூடாது என்று றிஸ்வி தீர்த்துச் சொன்னார்.

மறுநாள் காலை புதுத் தோணி வந்து இறங்கியது. பிள்ளைகள் கைதட்ட, பேச்சியம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கித் தன் கையாலேயே கயிற்றைக் கட்டினாள். போராடி ஜெயித்த சந்தோஷம் அவளுக்குத் தாங்கவில்லை.

கரையேறியபோது சுவக்கினின் மனைவி மேபல் ஒரு துடுப்போடு நின்றாள். இவளுக்குக் கொடுக்கச் சொல்லி அவர்தான் அனுப்பினாராம்.

பேச்சியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் கேட்டப்பவே சரின்னு சொல்லியிருக்கலாமே அக்கா. எதுக்கு இவ்வளவு ரகளை?"

மேபல் குரலைத் தாழ்த்தினாள்.

"அவரு சும்மா குடுத்திருந்தா, இவங்க ஒன்ன கரைக்கே வர விட்டிருக்க மாட்டாங்க தங்கச்சி. எல்லாரும் ஒன் பக்கம் கை தூக்கணும்னுதான் அவரு அத்தன பேருகிட்டயும் திட்டு வாங்குனாரு."