நிழல் விழாத வெளிச்சம்

படுக்கையறைக் கட்டிலைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, அமலி சுவரில் நீலத் துணியை இழுத்துக் கட்டினாள். போட்டோவுக்காக ஸ்டூலில் உட்காருபவரின் நிழல் அந்தத் துணியில் விழாதபடி இரண்டு குடை விளக்குகளையும் நகர்த்தி அமைப்பதற்குள் காலைப்பொழுது போய்விட்டது. முதல் ஆட்களாக ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவன் கையில் செய்தித்தாள் சுற்றிய பெரிய ஃப்ரேம் இருந்தது.

"இவளை மட்டும் எடுத்தாப் போதும். இந்த ஃப்ரேமுக்குச் சரியா வரணும்."

"எனக்கு எதுக்குங்க இப்போ தனியா போட்டோ?" புதுப்புடவையை நீவிக்கொண்டே மனைவி கேட்டாள்.

"நல்லா இருக்கும்போதே எடுத்து வச்சுக்க வேணாமா?"

அளவு பார்க்க அமலி தாளை விலக்கினாள். மேல் மூலைகளில் மாலை மாட்டும் கொக்கிகள். கீழே, இறந்தவர் படத்தில் எரியுமே, அந்தச் சிவப்புக் குட்டி பல்பு. அவள் நிமிர்ந்தபோது அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொட்டு தெளிவா தெரியணும்" என்றான்.

கேமராவை எடுக்கப் போவதுபோல் நகர்ந்து அமலி காலால் ஒயரை இழுத்தாள். ஒரு விளக்கு அணைந்தது.

"அய்யய்யோ, லைட்டு போயிடுச்சுண்ணா. நாளைக்கு அக்காவை மட்டும் அனுப்புங்க, எடுத்துத் தரேன்."

மனைவி ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

"உக்காரு."

அவன் குனிந்து, ஒயரைப் பிடித்துக்கொண்டே சுவர்வரை போய், கழன்று கிடந்த பிளக்கைச் செருகினான்.

வெளிச்சத்தில் மனைவி கண்கூசிச் சிரித்தாள். பின்னால் நீலத் துணியில் அவள் நிழல் துளியும் இல்லை.

"எடும்மா" என்றான் அவன்.