அலுமாரியில் ஒரு குளம்

"நான் கேட்டது ரெண்டு மயில். ஆரடா உன்னைக் குளம் வெட்டச் சொன்னது?"

அன்னபூரணம் போட்ட சத்தத்தில், குசினியில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த பெண்களின் பேச்சு நின்றது.

வருகிற புதன்கிழமை மகள் சறோஜினிதேவிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கொழும்பில் ஓர் அலுவலகத்தில் கிளறிக்கல் உத்தியோகம். சீதன அலுமாரி விறாந்தையில் நின்றது. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மரத்தைச் சுட்டுப் படம் கீறி, சாயமும் பெயின்ற்றும் ஏற்றுவதற்கு வேலணையில் லியோனை விட்டால் ஆளில்லை. கதவுக்கு ஒரு மயில் என்பதுதான் பேச்சு. மயில்கள் அச்சொட்டாய் வந்திருந்தன. ஆனால் இடது கதவின் அடியில் ஒருவரும் கேளாத தாமரைக் குளம் ஒன்று நீலமாய்ப் பரந்து கிடந்தது.

"வடிவாய்த்தானே இருக்கு அக்கா. மற்றக் கதவிலையும் ஒண்டு கீறத்தான் கம்பி காயுது."

"எனக்குக் காது குத்தாதை! கை பிசகிச் சுட்டுப்போட்டு, அதை மறைக்கக் குளம் கீறியிருக்கிறாய். சுரண்டி எடு!"

"வேண்டாம் அக்கா. கிடக்கட்டும்."

கள்ளம் இல்லாவிட்டால் இவன் ஏன் தடுக்கிறான்? மரம் வழிக்க வைத்திருந்த கண்ணாடித் துண்டை அன்னபூரணம் தானே எடுத்தாள். குந்தியிருந்து சுரண்டினாள்.

மேல்பூச்சு தூளாய் உதிர்ந்தது. ஆனால் சில கோடுகளில் மட்டும் நீலம் போகவில்லை. மரத்துக்குள் ஆழமாக இறங்கியிருந்தது. சுரண்டச் சுரண்ட அந்தக் கோடுகள் எழுத்துகளாகத் தெரிந்தன. யாரோ ஆணியால் கீறிய எழுத்துகள்.

'சறோ.' மகளின் கையெழுத்தேதான். பக்கத்தில் 'தம்பிராசா.'

மாப்பிள்ளையின் பெயர் அது அல்ல.

அன்னபூரணம் கண்ணாடித் துண்டைக் கீழே வைத்தாள்.

"பிள்ளை எப்ப கீறினதோ தெரியாது அக்கா," லியோன் குனிந்து மெல்லச் சொன்னான். "சீவி எடுக்க ஏலாத ஆழம். அதுதான் குளமாக்கினனான்."

"என்ன அன்னபூரணம், என்ன சத்தம் அங்கை?" மாப்பிள்ளையின் பெரியம்மா மீனலோசனியின் குரல் குசினியிலிருந்து வந்தது. பின்னாலேயே காலடிச் சத்தமும் வந்தது.

அன்னபூரணம் சேலைத் தலைப்பை இழுத்து மறைக்கப் பார்த்தாள். மறைக்கிற அளவா அது? லியோன் தணலிலிருந்த கம்பியை எடுத்தான். எழுத்துகளின் மேல் வைத்து அழுத்தி இழுத்தான். திரும்பவும் இழுத்தான். புகை கிளம்பியது. பத்து வருசத்தில் ஒரு கோடும் பிசகாத கை, கதவின் அடியைக் கரியாக்கிவிட்டது.

மீனலோசனி வந்து பார்த்தபோது அங்கே ஒரு பெயரும் மிஞ்சவில்லை.

"ஐயோ, சீதனச் சாமானை எரிச்சுப்போட்டானே!"

"கை தவறிப்போச்சு அம்மா. என்ரை பிழைதான். புதனுக்கு முன்னம் கதவை மாத்திக் கீறித் தாறன்."

வெட்கத்தில் அன்னபூரணத்துக்கு முகம் எரிந்தது. சற்றுமுன் அவனை ஏசிய நாக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. அவனில் பிழையில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், அப்ப ஆரிலை பிழை என்று அடுத்த கேள்வி வரும்.

மீனலோசனி கரியைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"என்ரை மகளின்ரை பிள்ளைக்குத் தொட்டில் கீற இவனைத்தான் யோசிச்சிருந்தனான். எங்கடை ஊர் இறுப்பிட்டியிலை இன்னும் நாலு வீட்டுக்காரர் இவனைக் கேக்கினம். சொல்லும் அன்னபூரணம், நம்பிக் குடுக்கலாமோ?"

லியோன் கம்பிகளை ஒவ்வொன்றாய்த் தண்ணீரில் தோய்த்து எடுத்துவைத்துக்கொண்டிருந்தான். அவள் பக்கம் திரும்பிப் பார்க்கவேயில்லை.

"குடுத்துப்போடாதையுங்கோ அக்கா," என்றாள் அன்னபூரணம். "பொறுப்பில்லாதவன்."